‘லைட்’ என்ற ஒரே சொல்லுக்குப் போர்த்துகீசியத்தில் எதைப் போடுவது?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக (பையரிடம் பேசி ஆர்டரைக் கவனிப்பவராக) இருப்பவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “பிரேசில் பையரோட முதல் ஆர்டருங்க. டெக் பேக் (உடுப்போட விவரத் தாள்), வாஷ் கேர் லேபிள் (துவைக்கற முறை), ஹேங் டேக் (தொங்கற அட்டை) எல்லாத்தையும் போர்த்துகீசியத்துல கேக்கறாங்க. ‘லைட்’ங்கற சொல் பதினோரு இடத்துல வருது. மொழிபெயர்ப்புச் செயலி ஓரிடத்துல கிளாரு, ஓரிடத்துல லெவி, இன்னோரிடத்துல லூஸ்னு தருது. ஒண்ணையே எல்லா இடத்துலயும் போட்டுடலாமுங்களா?”

வேண்டாமுங்க. மூன்றும் சரியான சொற்கள்தான், இடம் மாறினால் மூன்றும் தப்பு. எக்செலில் ‘ஃபைண்ட் – ரீப்ளேஸ்’ கொடுத்து மொத்தமாக மாற்றுவது இந்தச் சொல்லுக்கு ஆகவே ஆகாது.

ஆங்கிலத்திலேயே இது ஒரு சொல் இல்லை. கனமில்லாத ‘லைட்’டும் வெளிச்சமான ‘லைட்’டும் வெவ்வேறு வேரிலிருந்து வந்து, கடைசியில் ஒரே எழுத்துக்கூட்டில் போய் நின்றவை. போர்த்துகீசியத்தில் அவை பிரிந்தே இருக்கின்றன. கனமில்லாதது லெவி, வெளிச்சம் லூஸ். (நம் ஊர் ‘லூஸ் ஃபிட்’ அல்ல. குழம்ப வேண்டாம்.) வெளிச்சத்திலிருந்து கிளைத்த ‘வெளிறிய நிறம்’ என்ற பொருளுக்கு மூன்றாவதாகக் கிளாரு. இங்கே நான் எழுதுவது பிரேசில் உச்சரிப்பு. சொல்லின் கடைசியில் ‘ஓ’ எழுத்து இருந்தாலும் அவர்கள் ‘உ’ என்றும், கடைசி ‘எ’யை ‘இ’ என்றும் சொல்வார்கள். லேபிளுக்கான எழுத்துக்கூட்டை உச்சரிப்பை வைத்து எழுதாதீர்கள், அகராதியிலிருந்து அப்படியே ஒட்டி எடுங்கள்.

எதைப் போடுவது என்று முடிவு செய்ய ஒரு சுருக்கு வழி உண்டு. ‘லைட்’ வரும் ஒவ்வொரு வரியிலும் அதன் எதிர்ச்சொல் என்ன என்று கேளுங்கள். எதிர் ‘டார்க்’ என்றால் கிளாரு. எதிர் ‘ஹெவி’ என்றால் லெவி. எதிர் இருட்டு என்றால் லூஸ். எதிர் ‘முரட்டுத்தனமான, பலமான’ என்றால் பெரும்பாலும் சுவாவி, அதாவது மென்மையான. எதிர் அணைப்பது என்றால் அது வினைச்சொல், அசென்டேர். பனியன் பேப்பரில் கடைசியது வரவே வராது. ஆனால் ‘லைட்டர்’ என்று ஒற்றைச் சொல்லைத் தனி செல்லில் வைத்துச் செயலிக்குக் கொடுத்தால், இன்னும் வெளிறிய ஷேட் என்ற பொருள் போய், இஸ்கெய்ரு என்று சிகரெட் பற்றவைக்கும் லைட்டர் வந்து நிற்கக்கூடும். ஒற்றைச் சொல்லாக எதையும் கொடுக்காதீர்கள், முழு வரியைக் கொடுங்கள்.

எதிர்ச்சொல் பிடிபடாவிட்டால் தமிழில் சொல்லிப் பாருங்கள். வெளிர், எடை குறைந்த, வெளிச்சம் என்று தமிழ் தானாகவே பிரித்துவிடும். அப்போது ‘லேசு’ என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கக் கூடாது. “கலர் லேசா இருக்குது”, “துணி லேசா இருக்குது”, “அது லேசுப்பட்ட சோலி இல்லீங்க” என்று நம் பக்கத்துப் பேச்சில் அதுவும் ‘லைட்’ மாதிரியே எல்லா இடத்துக்கும் போகும்.

இனி உங்கள் பேப்பரில் வரக்கூடிய இடங்கள் ஒவ்வொன்றாக.

நிறம். ‘லைட் ப்ளூ’ என்பது அஸூல்-கிளாரு, ‘லைட் க்ரீன்’ வெர்டி-கிளாரு, நடுவே இணைப்புக்கோடு உண்டு. இங்கே இலக்கணம் கொஞ்சம் படுத்தும். கிளாரு என்பது பெயர்ச்சொல்லின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். ஆண்பால் தொம் (ஷேட்) என்பதோடு கிளாரு, பெண்பால் கோர் (நிறம்) என்பதோடு கிளாரா, பன்மையில் கோரிஸ் கிளாராஸ். பல டி-ஷர்ட்டுகளைச் சொல்லும்போது கமிசேட்டாஸ் அஸூல்-கிளாராஸ், இரண்டாவது பாதி மட்டும் மாறும். ஆனால் நேவி ப்ளூவுக்கான அஸூல்-மரிஞ்ஞு எங்கே போட்டாலும் மாறாது. இந்த ரோதனையே வேண்டாம் என்றால், பி.ஓ.விலும் (கொள்முதல் ஆர்டர்) ஸ்டிக்கரிலும் நிறத்தை வாக்கியத்தில் நுழைக்காமல் ‘நிறம்:’ என்று போட்டு அதன் பெயரைத் தனியாக எழுதுங்கள். நிறத்தின் பெயர் தனியாக நிற்கும்போது ஆண்பால் ஒருமைதான், எனவே அஸூல்-கிளாரு என்றே இருக்கும். கிரே மெலாஞ்சுக்கு (நூலிலேயே கலந்த சாம்பல் நிறம்) மெஸ்க்லா என்ற சொல் அங்கே வழக்கம். ஸ்பானிஷ் அரைகுறையாகத் தெரிந்தவர் யாராவது உதவிக்கு வந்தால் ஒரு எச்சரிக்கை: ஸ்பானிஷில் சிவப்பைக் குறிக்கும் சொல்லுக்கு நெருங்கிய உறவான ஹோஷு, போர்த்துகீசியத்தில் ஊதா.

எடை. ‘லைட் வெயிட் ஃபேப்ரிக்’ என்பது தெசீடு லெவி. நிட்டட் துணி என்றால் மால்யா லெவி. லெவி ஆண்பால் பெண்பால் பார்க்காது, பன்மையில் மட்டும் லெவிஸ் ஆகும். ஆனால் நிலைமையைப் பொறுத்து மாறும் சொல்லை நம்புவதைவிட எண்ணை எழுதுவது மேல். நமக்கு 40ஸ் நூலில் ஓடிய 130 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 130 கிராம்) சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதாரண பனியன் துணி, லைட், 180 கனம். பிரேசில்காரர் மனதில் எது லைட் என்று யாருக்குத் தெரியும்? ஜி.எஸ்.எம்.முக்கு அவர்கள் சொல் கிரமட்டூரா. அதை எழுதி, பக்கத்தில் எண்ணைப் போட்டு, சதுர மீட்டருக்குக் கிராம் என்று குறித்துவிட்டால் லெவி என்ற சொல்லே தேவைப்படாது. நூலையும் அவர்கள் தம் வழக்கப்படி 30.1 என்று எழுதுவார்கள். 30ஸ் ஒற்றை நூல் என்று பொருள். கூடவே பென்தியாடு என்று வந்தால் அது கோம்டு, அதாவது சீவிச் சுத்தம் செய்த நூல். அதே சொல்லுக்குத் தலை அலங்காரம் என்றும் பொருள் உண்டு, செயலி எதைத் தந்தாலும் பதறாதீர்கள். மேய்யா மால்யா என்பது சிங்கிள் ஜெர்சி. மேய்யா என்றால் பாதி, அதுவே காலுறையும் கூட. பையர் சாக்ஸ் கேட்டிருக்கிறார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

லெவி என்ற சொல்லைத் தனியாகப் பெரிய எழுத்தில் ஹேங் டேக்கில் அச்சடிப்பதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. ‘எடுத்துச் செல்’ என்ற வினையின் ஏவல் வடிவமும் அதே எழுத்துக்கூட்டுதான். பிரேசில் கடைகளில் “3 எடுத்துக்கோ, 2க்குக் காசு கொடு” என்ற தள்ளுபடிப் பலகை லெவி என்றுதான் தொடங்கும். உங்கள் டேக்கில் தனியாக நிற்கும் லெவியும் அப்படிப் படிக்கப்படலாம். தெசீடு லெவி என்று முழுதாகப் போடுங்கள். ‘லைட்’ என்று ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கே அந்தச் சொல் உணவுப் பொட்டலத்தின் சொல். வழக்கமான பொருளைவிடக் கலோரியோ கொழுப்போ 25 சதவீதமாவது குறைந்திருந்தால்தான் அதை அச்சிடலாம் என்று விதியே உண்டு. ரியோ டி ஜெனிரோவில் கரண்ட் கொடுக்கும் கம்பெனியின் பெயரும் லைட். பனியனில் அதற்கு வேலையில்லை.

வெளிச்சம். உங்கள் பதினோரு இடங்களில் டெஸ்ட் ரிப்போர்ட்டில் வரும் ‘லைட் ஃபாஸ்ட்னஸ்’ ஒன்று இருக்கும். ‘ஃபாஸ்ட்’ என்பதும் பல பொருள் சொல்லாதலால் இங்கே இரட்டை ஆபத்து. விரைவு என்று எடுத்துக்கொண்டால் கதை முடிந்தது. சரியான சொல் சொலிடேஸ் ஆ லூஸ், அதாவது வெளிச்சத்துக்குச் சாயம் தாங்கும் உறுதி. சலவைக்கு, உரசலுக்கு, வியர்வைக்கு என்று மற்ற ரிப்போர்ட்டுகளிலும் சொலிடேஸ்தான் வரும். பக்கத்தில் வரும் எண்ணையும் கவனியுங்கள்: வெளிச்சத்துக்கு நீலக் கம்பளி அளவுகோலில் 1 முதல் 8 வரை, மற்றவற்றுக்குக் கிரே ஸ்கேலில் 1 முதல் 5 வரை. சலவை உறுதியில் 4 நல்ல எண், வெளிச்ச உறுதியில் அதே 4 நடுத்தரம். சொல் மாறிப்போனால் எண்ணும் தப்பாகப் படிக்கப்படும். ஷேட் பார்க்கும் லைட் பாக்ஸ், அதில் எரியும் டி65, டி.எல்.84 விளக்குகள் எல்லாம் லூஸ் பக்கம்தான்.

வாஷ் கேர் லேபிளில் ‘வாஷ் லைட்ஸ் செபரேட்லி’ என்று ஆங்கிலத்தில் சுருக்கி எழுதியிருந்தால், விளக்குகளைத் தனியாகத் துவைக்கச் சொல்லும் வாக்கியம் வந்து சேரலாம். வெளிர் நிறங்களையும் அடர் நிறங்களையும் தனித்தனியே துவைக்கவும் என்ற முழுப் பொருளில், லவார் கோரிஸ் கிளாராஸ் இ இஸ்கூராஸ் செபராடமென்ச்சி என்று எழுதுங்கள். ‘வெளிச்சம் படாமல் உலர்த்தவும்’ என்ற வரிக்கு லூஸைத் தேடிப் போகாமல், அவர்கள் சொல்கிறபடி செகார் ஆ சோம்ப்ரா, நிழலில் உலர்த்தவும் என்று போடலாம். சதுரத்தின் இடது மேல் மூலையில் இரண்டு சாய்கோடுகள் போட்ட குறி அதற்கு உண்டு. பிரேசிலில் பராமரிப்பு முறையைக் குறியாகவோ எழுத்தாகவோ காட்டலாம். குறி இருக்கும் இடத்தில் எழுத்தை வெட்டிவிடுவதுதான் என் யோசனை, எழுதாத சொல்லில் தப்பு வராது. இழை வகையும் சதவீதமும், உற்பத்தி நாடு, இறக்குமதியாளரின் 14 இலக்க வரி எண், அளவு ஆகியவை கட்டாயம் வர வேண்டும். ஸ்மால், மீடியம், லார்ஜ் என்பதற்கு அங்கே பி, எம், ஜி. எக்ஸ்.எல்.லுக்கு ஜி.ஜி. லைக்ரா என்ற பிராண்டு பெயரை இழையின் பெயராகப் போடாதீர்கள், எலஸ்தானு என்று போடுங்கள்.

அதிகமாகத் தடுக்கி விழும் இடம் ‘லைட் வாஷ்’. நிட் டெனிமில் இந்தச் சொல் வந்தால் வெளுத்த ஷேட் என்று பொருள், லவாஜெம் கிளாரா. லேபிளில் வந்தால் மெஷினை மெதுவாக ஓட்டு என்று பொருள், லவாஜெம் சுவாவி. இரண்டும் ஒரே பி.ஓ.வில் வரலாம். ‘லைட் பிரின்ட்’ என்பதும் அப்படியே. வெளிர் நிற பிரின்ட் என்றால் எஸ்தாம்பா கிளாரா, கைக்குத் தட்டாத மெல்லிய பிரின்ட் என்றால் எஸ்தாம்பா லெவி. பின்னதைக் கேட்கும் பிரேசில் பையர் டோக்கி ஸேரு, அதாவது ‘தொடுகை பூஜ்யம்’ என்றே எழுதக்கூடும். பிளாஸ்டிசால் மையைக் கெட்டியாக ஏற்றி அனுப்பினால் சாம்பிளிலேயே திரும்பும். ‘லைட்லி பிரஷ்டு’ ஃபிளீஸுக்கு (சற்றே பஞ்சுபோல் இழை எழுப்பிய துணி) லெவிமென்ச்சி, கொஞ்சமாக, என்ற வினையடை வரும். ‘லைட் ஷேட் வேரியேஷன்’ என்பதில் ‘லைட்’ என்றால் சிறிதளவு. அப்போது லெவி பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். போர்த்துகீசியத்தில் அடைமொழி வழக்கமாகப் பின்னால்தான் நிற்கும், முன்னால் போனால் பொருள் இப்படி நகரும்.

இதுவரை சொன்னது ஆங்கிலத்திலிருந்து போகும் வழி. காசை அதிகம் தின்பது திரும்பி வரும் வழி. பையர் போர்த்துகீசியத்தில் மெயில் போடுகிறார், நீங்கள் செயலியில் போட்டு ஆங்கிலத்தில் படிக்கிறீர்கள். மாய்ஸ் கிளாரு என்றாலும் மாய்ஸ் லெவி என்றாலும் திரையில் வருவது ‘லைட்டர்’தான். முதலாவது சாயப்பட்டறைக்குப் போக வேண்டிய செய்தி, ஷேடை ஒரு படி இறக்கச் சொல்கிறார். இரண்டாவது நிட்டிங்குக்குப் போக வேண்டியது, ஜி.எஸ்.எம்.மைக் குறைக்கச் சொல்கிறார். இரண்டாவதைப் படித்துவிட்டு லேப் டிப்பை (சாய மாதிரித் துண்டு) மறுபடி போட்டால் ஒரு வாரம் போகும். பார்க்காமல் மொத்த உற்பத்திக்குப் போனால் நூல், நிட்டிங், டையிங் மூன்றும் வீண். ஆகவே மூல மெயிலைத் திறந்து பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். தொம், கோர், கிளாரியார் என்று வந்தால் ஷேட். கிரமட்டூரா, மால்யா, கையிமென்ட்டு (துணி விழும் விதம்) என்று வந்தால் எடை. நீங்கள் ஏதோ அனுமதி கேட்டிருந்து, பதில் ஒற்றைச் சொல்லாகக் கிளாரு என்று வந்திருந்தால் அது நிறத்தைப் பற்றிய பேச்சே அல்ல. “தாராளமா” என்கிறார்.

இதே காரணத்தால்தான், எல்லாரும் செய்யும் சோதனை இங்கே தோற்கும். மொழிபெயர்த்ததைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து சரிபார்ப்பார்கள். ‘லைட் ப்ளூ’வுக்கு அஸூல் லெவி என்று தப்பாகப் போட்டிருந்தாலும் ஆங்கிலத்தில் ‘லைட் ப்ளூ’ என்றே திரும்பி வரும். பச்சை டிக் போட்டுவிட்டு அச்சுக்கு அனுப்பிவிடுவீர்கள். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லும் மொழிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஜெர்மன் தெரிந்தவர் இருந்தால் நல்லது, அதில் மூன்றுக்கும் மூன்று சொல். இன்னொரு வழி: போர்த்துகீசியத் தொடரைப் படத்தேடலில் போடுங்கள். அஸூல்-கிளாரு போட்டால் வெளிர் நீலத் துணி வரிசையாக வரும். தப்பான தொடர் என்றால் படங்கள் சிதறிக் கிடக்கும்.

அச்சகத்தில் நடப்பது தனிக் கூத்து. துவை என்பது லவார், எடுத்துச் செல் என்பது லெவார். நடுவில் ஒரே ஓர் உயிரெழுத்து வித்தியாசம். ‘கையால் துவைக்கவும்’ என்ற வரி ‘கையில் எடுத்துச் செல்லவும்’ ஆவதற்கு ஒரு சாவி மாறி விழுந்தால் போதும். எழுத்துப் பிழை திருத்தியும் பிடிக்காது, இரண்டும் நல்ல சொற்கள். எழுத்தின் தலையில் போடும் உச்சரிப்புக் குறிகளை லேபிள் பிரின்டரின் பழைய ஃபான்ட் விழுங்கும். அல்கொடாவ்ன் (பருத்தி), நாவ்ன் (வேண்டாம்), இந்தியா மூன்றிலும் குறி உண்டு. நாவ்ன் போனால் ‘அயர்ன் செய்யாதே’ என்ற வரியே ஆட்டம் காணும். குறி இல்லாத இடத்தில் வந்தாலும் வம்பு. பொள்ளாச்சித் தேங்காய்க்கு மட்டுமல்ல, சிரட்டைப் பொத்தானுக்கும் இதில் பங்குண்டு: தேங்காய் கோக்கு. அதன் கடைசி எழுத்தின் தலையில் ஒரு தொப்பிக்குறி ஏறினால் கொக்கோ, குழந்தைகள் ‘ஆய்’ என்று சொல்வார்களே, அது. பொத்தான் என்ற சொல்லே போர்த்துகீசியத்திலிருந்து நமக்கு வந்தது. காஜா பட்டனின் காஜாவும் அவர்களுடைய காஸாதான். வீடு என்றும் பொருள், காஜா ஓட்டை என்றும் பொருள். பையரின் அளவு ஷீட்டில் ‘வீடுகளுக்கு இடையே 9 செ.மீ.’ என்று செயலி காட்டினால் எது என்று புரிந்துகொள்வீர்கள்.

செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வரியையும் ஒரு ஷீட்டில் எடுங்கள். முதல் கட்டத்தில் முழு ஆங்கில வரி, அடுத்ததில் ‘லைட்’டின் எதிர்ச்சொல், அதற்கடுத்து தமிழ், பிறகு போர்த்துகீசியம், கடைசியில் எங்கே அச்சாகிறது என்பது. வரிசையை எதிர்ச்சொல்லின்படி அடுக்கினால் கிளாரு ஒரு கொத்து, லெவி ஒரு கொத்து என்று சேர்ந்து நிற்கும், தப்பாக உட்கார்ந்தது தானாகக் கண்ணில் படும். பிறகு ஷீட்டைப் பையருக்கு அனுப்பி, போர்த்துகீசியக் கட்டத்தை அவரே திருத்தித் தரச் சொல்லுங்கள். ‘சரியா?’ என்று மட்டும் கேட்டால் கிளாரு என்று பதில் வந்து நிற்கும். திருத்தி வந்ததை அடுத்த ஆர்டர்களுக்கும் அதுவே என்று பூட்டி வையுங்கள். அச்சகத்துக்குப் படக் கோப்பாக அனுப்புங்கள், தட்டச்சு செய்ய விடாதீர்கள். முதல் பத்து லேபிளை வாங்கி எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே பவர்டேபிளுக்கு, அதாவது தையலுக்குக் கொடுக்க வேண்டும். வாஷ் கேர் லேபிள் பக்கத் தையலுக்குள் மாட்டி ஓவர்லாக் ஓடிவிட்டால், ஒவ்வொரு பீஸாகப் பிரித்துத்தான் மாற்ற முடியும். அதற்குள் ஷிப்மென்ட் தேதி போய்விட்டால் சரக்கு, மிச்சப் பனியன் மலிவாக விற்கும் காதர்பேட்டைக்கு வழி பார்க்கும்.

இதே ஷீட்டை அப்படியே போர்ச்சுகல் பையருக்கு அனுப்பிவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கிளாரு, லெவி, லூஸ் மூன்றும் அங்கேயும் அவையே. உடுப்புப் பெயர்கள்தான் மாறும். கமிஸோலா என்றால் பிரேசிலில் நைட்டி, போர்ச்சுகலில் ஸ்வெட்டர் அல்லது ஜெர்சி. அளவும் அங்கே எஸ், எம், எல்தான். கோயம்புத்தூரிலிருந்து அங்கோலா, மொசாம்பிக்குக்கு மோட்டார் பம்ப் அனுப்புவோர் போர்ச்சுகல் வழக்கையே பின்பற்றலாம். அவர்களுக்கும் இந்த ‘லைட்’ தொல்லை உண்டு: ‘லைட் டியூட்டி’ என்றால் லெவி, ஸ்டார்ட்டர் பெட்டியில் எரியும் ‘இண்டிகேட்டர் லைட்’ என்றால் விளக்கு. அதை பிரேசிலில் சினலெய்ரு என்பார்கள். பம்ப்புக்குச் சொல் பொம்பா. வெடிகுண்டுக்கும் அதேதான் என்பதால் பார்சல் விவரத்தில் அதை ஒற்றைச் சொல்லாக விடாமல், தண்ணீர் பம்ப் என்று முழுதாக எழுதுங்கள்.